கைமாறிய கடன்

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

 

நான் ஆலிம் அல்லன். மதரஸாவில் ஓதியதும், ஆரம்பப் பள்ளிக்கூடத்தில் ஆறு வருஷம் உட்கார்ந்து எழுந்ததுமே என் கல்வி. ஜொகூர் பாருவில் ஒரு சிறு மளிகைக் கடை வைத்துப் பிழைத்து வருகிறேன். கடன் சம்பந்தமாக நான் ஏதேனும் எழுதித் தர வேண்டுமென்று சங்கத்துச் சகோதரர்கள் கேட்டபோது, எனக்கு என்ன தகுதி என்று முதலில் மறுத்தேன். பிறகு யோசித்துப் பார்த்ததில், வேறு எந்த விஷயத்தில் இல்லாவிட்டாலும் இந்த ஒரு விஷயத்தில் எனக்குத் தகுதி தாராளமாகவே இருக்கிறது என்று பட்டது. பட்டவன் அல்லவா?

ஸஹீஹுல் புகாரியில் 'கிதாபுல் ஹவாலா' என்று ஒரு பாகம் உண்டு. மிகச் சிறிய பாகம். ஹவாலா என்ற சொல்லைக் கேட்டதும் ஊருக்குக் கள்ளத்தனமாகப் பணம் அனுப்பும் வழி என்றே நம்மில் பலர் நினைக்கிறோம். ஷரீஅத்தில் அதன் பொருள் அதுவன்று. ஒருவர் தலையில் இருக்கும் கடன் பொறுப்பை இன்னொருவர் தலைக்கு மாற்றுவதற்குப் பெயர் ஹவாலா. அந்தப் பாகத்தில்தான் மூன்று தீனார் கடன் வைத்து மௌத்தான ஒரு மனிதரின் ஜனாஸா வருகிறது. ஸலமா இப்னுல் அக்வஃ (ரலி) அவர்கள் அறிவிப்பது.

அன்றைய தினம் ஜனாஸாக்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. ஒவ்வொன்றுக்கும் கண்மணி நாயகம் (ஸல்) அவர்கள் கேட்டது இரண்டே விஷயம். இவருக்குக் கடன் உண்டா? ஏதாவது விட்டுச் சென்றாரா? மூன்றாவது ஜனாஸாவுக்குச் சொத்து ஒன்றும் இல்லை, கடன் மட்டும் மூன்று தீனார் இருந்தது. உங்கள் தோழருக்கு நீங்களே தொழுது கொள்ளுங்கள் என்று நாயகம் ஒதுங்கி விட்டார்கள். அப்போது அபூ கதாதா (ரலி) அவர்கள் எழுந்து, அந்தக் கடன் என் பொறுப்பு, தாங்கள் தொழ வையுங்கள் என்று வேண்டினார்கள். அதன் பிறகே தொழுகை நடந்தது.

சகோதரர்களே! கதை அத்துடன் முடிந்ததாக நாம் நினைத்து விடுகிறோம். ஜாபிர் (ரலி) அவர்கள் வழியாக இமாம் அஹ்மத் அவர்களின் கிரந்தத்தில் வரும் அறிவிப்பில் ஒரு தொடர்ச்சி உண்டு. அதில் கடன் இரண்டு தீனார் என்றிருக்கிறது. பொறுப்பேற்ற மறுநாள் நாயகம் அவர்கள் அபூ கதாதாவைக் கண்டு, அந்த இரண்டு தீனார் என்னவாயிற்று என்று விசாரித்தார்கள். நேற்றுத்தானே அவர் இறந்தார் என்று பதில் வந்தது. அடுத்த நாளும் விசாரித்தார்கள். கொடுத்து விட்டேன் என்றார் அபூ கதாதா. இப்பொழுதுதான் அந்த மய்யித்தின் தோல் குளிர்ந்தது என்ற கருத்தில் நாயகம் அவர்கள் சொன்னார்களாம்.

கவனிக்க வேண்டும். பொறுப்பு மாறிய அன்று தோல் குளிரவில்லை. பணம் போய்ச் சேர்ந்த அன்றே குளிர்ந்தது.

இதை நான் ஏன் இவ்வளவு விரித்துச் சொல்கிறேன் என்றால், இக்காலத்துப் பாங்கிகள் 'பேலன்ஸ் டிரான்ஸ்பர்' என்று ஒன்றை நமக்கு நீட்டுகின்றன. (நம் முன்னோர் 'பாங்கு' என்றால் தொழுகைக்கு அழைப்பதை நினைத்தார்கள். நம் பிள்ளைகளிடம் பாங்கு என்றால் பணம் எடுக்கும் இடமா என்று கேட்கிறார்கள். காலம் அப்படி.) ஒரு பாங்கியின் கிரெடிட் கார்டில் நாம் வைத்திருக்கும் பாக்கியை வேறொரு பாங்கி அடைத்துவிடும். அந்தத் தொகை புதிய பாங்கியின் கணக்கில் நம் பெயரில் ஏறும். ஆறு மாதமோ பன்னிரண்டு மாதமோ வட்டி இல்லை, அல்லது குறைந்த வட்டி. ஆரம்பத்தில் ஒரு கட்டணம் மாத்திரம்.

பார்ப்பதற்கு ஹவாலா போலவே இருக்கிறது. ஆனால் உற்றுப் பார்த்தால் தலைகீழ்! அபூ கதாதாவின் விஷயத்தில் கடனாளி மாறினார், மய்யித்தின் பாரம் இறங்கிற்று. இங்கேயோ கடன் கொடுத்தவர் மாறுகிறார். கடனாளி அதே மனிதர், அதே தலை, அதே பாரம். அந்தக் காலத்தில் மூவாரிலும் மற்ற ஊர்களிலும் ஒரு கிட்டங்கியில் வாங்கி இன்னொரு கிட்டங்கிக்கு அடைத்தவர்களை நம் பெரியவர்கள் பார்த்துச் சிரிக்கவில்லையா? அதுவே கண்ணாடி அறைக்குள் குளிர்சாதனம் போட்டு நடந்தால் நமக்குப் புத்திசாலித்தனமாகத் தெரிகிறது.

நானும் அந்தப் புத்திசாலிகளில் ஒருவன்தான். 2020ஆம் வருஷம் மார்ச் 18ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாடு வந்தது. சிங்கப்பூர் பாலமும் அன்றே சாதாரணப் பயணிகளுக்கு அடைபட்டது. என் கடைக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் விடியற்காலையில் மோட்டார் சைக்கிளில் அக்கரைக்கு வேலைக்குப் போய் இரவில் திரும்புகிறவர்கள். அவர்கள் அங்கேயே தங்கி விட்டார்கள், அல்லது வேலை இழந்து இங்கே கடன் சொன்னார்கள். பாலம் பழையபடி திறந்தது 2022 ஏப்ரல் முதல் தேதிதான். இடைப்பட்ட காலத்தில் கடை வாடகை, சரக்கு, பிள்ளைகள் செலவு எல்லாம் கார்டில் போயின. 12,000 வெள்ளி ஆயிற்று. 2021இல் ஒரு பாங்கியிலிருந்து போன் வந்தது. பன்னிரண்டு மாதம் வட்டியில்லை, மூன்று சதவீதக் கட்டணம் மட்டும் என்றார்கள். 360 வெள்ளி கொடுத்து மாற்றினேன். பழைய கார்டில் பாக்கி பூஜ்யம் என்று பார்த்ததும் அல்ஹம்துலில்லாஹ் என்றேன். கடன் தீர்ந்துவிட்டதாகவே என் நெஞ்சு நம்பியது.

அப்புறம் நடந்ததைச் சொல்லவும் வேண்டுமா? நோன்பு வந்தது. பேரீச்சம்பழமும் சேமியாவும் மொத்தமாக எடுக்க வேண்டியிருந்தது. பழைய கார்டு காலியாகக் கிடந்ததால் அதை எடுத்துத் தேய்த்தேன். பெருநாள் துணியும் அதில்தான். புதிய கார்டிலோ, ஸ்டேட்மெண்டில் போட்டிருந்த மினிமம் தொகையை மட்டுமே கட்டி வந்தேன். வருஷ முடிவில் புதியதில் 6,500 வெள்ளி அளவில் நின்றது. பழையதில் ஐயாயிரத்துக்கு மேல் ஏறியிருந்தது. வட்டியும் தாமதக் கட்டணமும் சேரச் சேர இரண்டும் மறுபடி 12,000ஐத் தொட்டன. 360 வெள்ளி கட்டணம் கொடுத்து, ஒரு வருஷம் ஓடி, புறப்பட்ட இடத்துக்கே வந்து நின்றேன். செக்கு மாடு கூட எண்ணெயாவது தரும்!

வீட்டில் சொல்லவில்லை. ஸ்டேட்மெண்டுகளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு அலைந்தேன். கடனாளி பேசினால் பொய் சொல்வான், வாக்குக் கொடுத்தால் மீறுவான் என்று நாயகம் (ஸல்) அவர்கள் எச்சரித்திருப்பதையும், தொழுகையில் கடனை விட்டுப் பாதுகாவல் தேடியதையும் மதரஸாவில் ஓதியவன் நான். சரக்கு வண்டிக்காரரிடம் "நாளைக்கு" என்று எத்தனை முறை சொல்லியிருப்பேன்!

2023இல் துணிக் கடை வைத்திருந்த சகோதரர் ஒருவர் மௌத்தானார். நல்ல மனிதர். யாரிடமும் கைநீட்டாதவர் என்று பெயர். ஜனாஸாத் தொழுகைக்கு முன் அவருடைய மூத்த மகன் எழுந்து நின்று, "எங்க அத்தாவிடம் யாருக்காவது வரவேண்டியது இருந்தால் என்னிடம் வந்து கேளுங்கள்" என்று குரல் தழுதழுக்கச் சொன்னான். ஒருவரும் வரவில்லை. பாங்கிகள் ஜனாஸாவுக்கு வருவதில்லை அல்லவா? இரண்டு வாரம் கழித்துக் கடிதங்கள்தான் வந்தன. மூன்று கார்டு. ஒன்றை அடைக்க இன்னொன்று, அதை அடைக்க மற்றொன்று. வாரிசுப் பங்குக்கு முன்னால் கடனை அடைக்க வேண்டுமென்பது அன்னிஸா சூராவில் உள்ள சட்டம். ஆகவே கடையிலிருந்த துணியை விற்று அந்தப் பிள்ளைகள் அடைத்தார்கள். அன்று அந்த ஸஃப்பில் நிற்கும்போது என் சட்டைப் பையிலும் மடித்த காகிதம் இருந்தது. நான் விழுந்தால் என் பிள்ளை எழுந்து நின்று என்ன சொல்வான் என்று நினைத்தேன். தக்பீர் எத்தனையாவது என்பதே எனக்கு மறந்து போயிற்று.

அன்றிரவு மனைவியிடம் சொன்னேன். "ஆறு மாசமா எனக்குத் தெரியும். நீங்களாச் சொல்வீங்கன்னுதான் இருந்தேன்" என்றாள். மறுநாள் அண்ணனிடம் சொன்னேன். இப்படிச் சொன்னதுதான் என் கடனில் முதல் தவணை என்று கொள்ளுங்கள்.

இனிக் கணக்கைச் சொல்கிறேன். வியாபாரிகளுக்குக் கணக்கில்லாத உபதேசம் உப்பில்லாத கஞ்சி.

நம் நாட்டில் பாங்க் நெகாரா வகுத்த விதிப்படி சாதாரணக் கார்டு வட்டி வருஷத்துக்கு 15 முதல் 18 சதவீதம் வரை. பன்னிரண்டு மாதமும் தவறாமல் கட்டுகிறவருக்கு 15, பத்து மாதமாவது சரியாகக் கட்டியவருக்கு 17, மற்றவருக்கு 18. மினிமம் என்பது பாக்கியில் 5 சதவீதம் அல்லது 50 வெள்ளி, எது அதிகமோ அது. 12,000 வெள்ளியை 18 சதவீதத்தில் வைத்துக்கொண்டு மினிமம் மட்டும் கட்டினால், முதல் வருஷம் கையிலிருந்து 6,000 வெள்ளிக்கு மேல் போகும். அதில் ஏறக்குறைய 1,780 வெள்ளி வட்டி. பாக்கி இன்னும் 7,750 இருக்கும். புதிதாக ஒரு காசு தேய்க்காமல் ஐந்து வருஷம் அப்படியே கட்டினாலும் 1,350 வெள்ளி மிச்சம் நிற்கும். மினிமம் என்பது நமக்குக் காட்டும் சலுகை அன்று, கடன் சாகாமல் வைத்திருக்கும் மருந்து.

அதே 12,000ஐ மூன்று சதவீதக் கட்டணத்தில் மாற்றி, மாதம் 1,000 வீதம் பன்னிரண்டு மாதத்தில் முடித்தால் மொத்தச் செலவு 360 வெள்ளி. மாற்றாமல் 18 சதவீதத்தில் மாதம் 1,000 கட்டினால் பதினாலாவது மாதத்தில்தான் முடியும், வட்டி 1,300 வெள்ளிக்குக் கிட்ட வரும். ஆகையால் மாற்றுவதில் ஆதாயம் இல்லையென்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் மூன்று சதவீதம் என்ற சொல்லில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. கட்டணம் முழுத் தொகைக்கும் முதலிலேயே பிடிக்கப்படுகிறது. கடனோ மாதா மாதம் குறைகிறது. சராசரியாகப் பார்த்தால் அந்த வருஷம் நம் தலையில் இருந்தது 6,500 வெள்ளிதான். அதற்கு 360 என்றால் ஐந்தரை சதவீதம் ஆகிறது. அதே கட்டணத்தை ஆறு மாதத் தவணைக்குக் கொடுத்தால் பத்து சதவீதத்தைத் தாண்டி விடும். ஆகவே "எத்தனை சதவீதம்" என்று மட்டும் கேட்காமல் "எத்தனை மாதத்துக்கு" என்றும் கேளுங்கள். கட்டணமே இல்லை என்று ஒரு பாங்கி சொன்னால் வட்டி எவ்வளவு என்று கேளுங்கள். இரண்டும் இல்லை என்றால் தவணை தவறினால் என்னவாகும் என்று கேளுங்கள். எங்கேயாவது ஓரிடத்தில் அவர்கள் சம்பாதித்தாக வேண்டும். அவர்களும் வியாபாரிகள்தானே.

கட்டணங்கள் ஒளிந்திருக்கும் இடங்கள் சிலவற்றை நான் அடிபட்டே கண்டேன். மாற்றத்துக்கு எழுதிக் கொடுத்த அன்றே பணம் பழைய பாங்கிக்குப் போய்விடாது, சில நாள் பிடிக்கும். இடையில் பழைய கார்டின் கெடு வந்தால் மினிமத்தையாவது கட்டிவிட வேண்டும். நான் கட்டவில்லை. தாமதக் கட்டணம் விழுந்தது. அது பாக்கியில் ஒரு சதவீதம் அல்லது 10 வெள்ளி, எது அதிகமோ அது, 100க்கு மேல் போகாது. பிறகு, ஸ்டேட்மெண்ட் தேதியிலிருந்து பணம் போய்ச் சேரும் நாள் வரை பழைய பாக்கிக்கு வட்டி ஓடிக்கொண்டே இருக்கும். 6,000 வெள்ளிக்குப் பதினைந்து நாள் என்றால் 44 வெள்ளி சொச்சம். அது அடுத்த மாத ஸ்டேட்மெண்டில் தலைகாட்டும். தீர்ந்த கார்டுதானே என்று அந்தக் கடிதத்தைப் பிரிக்காமல் போட்டு வைத்தால் 44 வெள்ளி குட்டி போடும். புதிய கார்டில் மாற்றிய தொகை இருக்கும்போது அதே கார்டைக் கடைக்குத் தேய்ப்பதுதான் பெரிய பிசகு. முழுப் பாக்கியையும் தீர்க்காதவருக்கு இருபது நாள் வட்டியில்லாத அவகாசம் பொதுவாகக் கிடைப்பதில்லை, தேய்த்ததற்கு வட்டி உடனே ஓடும். கார்டில் ரொக்கம் எடுப்பதைச் சொல்லவே வேண்டாம். அதற்கு ஐந்து சதவீத அளவில் கட்டணம், எடுத்த அன்றிலிருந்தே வட்டி. சில பாங்கிகளில் மாதத் தவணை முழுவதுமே மினிமத்தில் சேர்ந்து வரும். 5 சதவீதம்தானே என்று நினைத்து 600 வெள்ளியை வைத்துக்கொண்டு போனால், 1,000 கேட்பார்கள். ஒரு தவணை தவறினால் சலுகை ரத்தாகிப் பழைய வட்டிக்கே போய்விடும் என்ற நிபந்தனையும் பத்திரத்தில் சிறு எழுத்தில் இருக்கக்கூடும். படிக்கத் தெரியாவிட்டால் பிள்ளைகளைப் படிக்கச் சொல்லுங்கள். அதில் வெட்கம் ஒன்றுமில்லை. கடன் கொடுக்கல் வாங்கலை எழுதிக்கொள்ளச் சொல்லும் வசனம் திருமறையிலேயே மிக நீளமான வசனம். எழுதச் சொன்னது படிப்பதற்காகத்தானே?

பழைய கார்டைக் கத்தரிப்பதோடு நிற்காமல் பாங்கிக்குச் சொல்லிக் கணக்கையே மூடுங்கள். கார்டு ஒன்றுக்கு வருஷம் 25 வெள்ளி சேவை வரியும் மிச்சம். அதைவிடப் பெரிய மிச்சம், நோன்பு மாதத்தில் கை நீளாமல் இருப்பது.

இவ்வளவும் சொன்னதால் இது ஹலால் என்று நான் எழுதுவதாக யாரும் கொள்ள வேண்டாம். 2000ஆம் வருஷம் ரியாதில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி, வட்டி நிபந்தனையுள்ள கார்டே கூடாது என்றும், கார்டு கொடுக்கும் வேலைக்குக் கூலியாக ஒரே அளவான கட்டணம் கூடும் என்றும், கடன் தொகையோடு ஏறி இறங்கும் கட்டணம் வட்டியைச் சேரும் என்றும் கருத்துச் சொல்லியிருக்கிறது. மூன்று சதவீதம் தொகையோடு ஏறுகிறதே! நம்மில் ஷாபிஈயும் உண்டு, ஹனபீயும் உண்டு. அவரவர் ஹஜ்ரத்திடம் கேட்டுத் தெளிவது கடமை. நம் நாட்டில் இஸ்லாமிய முறைக் கார்டுகளும் 2000ஆம் ஆண்டை ஒட்டியே வந்துவிட்டன. அதன் ஷரத்துக்கள் வேறு. ஆனால் அதிலும் கடன் கடன்தான், சகோதரர்களே. பச்சை நிற அட்டை என்பதற்காகக் கை இன்னும் தாராளமாக நீள்வதை நான் பார்த்திருக்கிறேன்.

ஏற்கெனவே வட்டியில் விழுந்து கிடப்பவரைப் பற்றியதே என் கவலை. அவர் முதலில் பார்க்க வேண்டியது, விற்க ஏதாவது இருக்கிறதா என்று. நான் இரண்டாவது வேனை விற்றேன். அடுத்துப் பார்க்க வேண்டியது கைமாற்று. நம் தமிழில் எவ்வளவு அழகான சொல்! வட்டியுமில்லை, பத்திரமுமில்லை, ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு. என் அண்ணன் 3,000 வெள்ளி கைமாற்றாகத் தந்தார். வேன் பணம் 4,000 ஆயிற்று. மிச்சம் ஐயாயிரத்தை மட்டும் ஒரே ஒரு முறை மாற்றினேன், கட்டணம் 150 வெள்ளி. பத்து மாதத்தில் முடிப்பதாக நாள் குறித்து, கல்லாப் பெட்டியின் மூடியில் ஒட்டி வைத்தேன். 2024இல் முடிந்தது. அண்ணனுக்கு இன்னும் 400 வெள்ளி இருக்கிறது. அதையும் எழுதி வைத்திருக்கிறேன், மகனிடம் சொல்லியும் இருக்கிறேன்.

விற்கவும் இல்லை, அண்ணனும் இல்லை என்கிறவர்கள் ஏ.கே.பி.கே. அலுவலகத்துக்குப் போகலாம். பாங்க் நெகாரா 2006இல் ஏற்படுத்திய கடன் ஆலோசனை நிறுவனம் அது. ஜொகூர் பாருவிலும் கிளை உண்டு. ஆலோசனைக்குக் காசு இல்லை. பாங்கிகளோடு பேசித் தவணை பிரித்துக் கொடுக்கிறார்கள். அங்கே போவது மானக்கேடு என்று நினைக்கிறவர்கள், ஜனாஸாவுக்குப் பிறகு வரும் கடிதங்களை நினைத்துப் பார்க்கட்டும்.

நம் சங்கத்தாரிடம் ஒரு விண்ணப்பம். நூறு கடைக்காரர்கள் மாதம் 20 வெள்ளி ஒதுக்கினால் 2,000 ஆகும், வருஷத்தில் 24,000. என்னைப் போல் 12,000இல் மாட்டியவர்கள் இரண்டு பேரை வட்டியிலிருந்து தூக்கி விடலாம். அவர்கள் தவணையாகத் திருப்பிக் கட்டும் பணத்தில் அடுத்தவர். ஹஜ்ஜுக்குப் போக நிலத்தையும் மாட்டையும் விற்ற கம்பத்து மக்களுக்காக உங்கு அஜீஸ் அவர்கள் 1959இல் ஒரு சேமிப்புத் திட்டத்தை எழுதிக் கொடுத்தார்கள். ஜொகூர் அரச குடும்பத்தவர். 1963இல் அது நிறுவனமாகி இன்று தாபோங் ஹாஜியாக நிற்கிறது. ஆரம்பம் சில்லறைக் காசுதான். கடனாளிகளை ஜகாத் பெறும் எட்டு வகையாரில் ஒருவராகத் திருமறை எண்ணியிருக்கும்போது, அவர்களுக்குக் கைமாற்றாவது கொடுக்க நம்மால் முடியாதா? அடுத்த நிர்வாகக் கூட்டத்தில் இதை எடுத்துக்கொள்ள வேண்டும். முதல் 20 வெள்ளியை இந்தக் கட்டுரையோடு உறையில் வைத்துக் கொடுத்திருக்கிறேன்.

அதுவரை, ஞாயிற்றுக்கிழமை அஸருக்குப் பின் நான் கடையின் பின்கட்டில் இருப்பேன். ஸ்டேட்மெண்டை எடுத்துக்கொண்டு வாருங்கள். பெயர் இருக்கும் பக்கத்தை மடித்துக் கொள்ளுங்கள், நான் பார்க்க மாட்டேன். தேநீர் உண்டு, கணக்கு மெஷினும் உண்டு.

வஸ்ஸலாம்.